திருப்பூரின் கரிமக் கணக்கு பாய்லரில் தொடங்குகிறது

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் வைகாசிக்குப் பிறகு பயணம் செய்பவர்கள், இருபுறமும் காற்றாலைகள் ஓயாமல் சுழல்வதைப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று புரட்டாசி வரை அவற்றை எளிதில் நிற்க விடுவதில்லை. அவற்றுள் பல, திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் கோவை வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் சொந்தமானவை. அதே திருப்பூருக்குள் லாரி லாரியாக விறகும் வந்து இறங்குகிறது. சீமைக்கருவேலம், தைலமரம், சவுக்கு என்று கிடைப்பதெல்லாம் சாயப்பட்டறைகளின் பாய்லருக்குள் போகிறது. திருப்பூர் பசுமைத் தொழில் நகரமாகிவிட்டது என்று சொல்பவர்கள் காற்றாலையைத்தான் காட்டுகிறார்கள். நூலாக ஊருக்குள் வரும் பருத்தி, ஆடையாக வெளியேறும் வரை செலவாகும் ஆற்றலைப் பிரித்துப் பார்த்தால், கடினமான பகுதி மின்சாரத்தில் இல்லை, சூட்டில் இருக்கிறது என்பது தெரியவரும். அந்தச் சூட்டுக்குச் செலவு செய்பவரும் பசுமைப் பெயரைப் பெறுபவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதும் கூடவே தெரியவரும்.

2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது விதித்த 50 விழுக்காட்டு வரி, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்தை ஊருக்கு உணர்த்தியது. ஐரோப்பியச் சந்தையில் நெருக்கடி வேறு வகையானது. இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கரிம வரி இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு மட்டுமே 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும், 2024-ல் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சூழல் வடிவமைப்புச் சட்டம் பொருள்களுக்கு, அவை எதில், எப்படித் தயாரானவை என்று சொல்லும் மின்னணுக் கடவுச்சீட்டு ஒன்றைக் கேட்கப்போகிறது. அதில் முதல் வரிசையில் நிற்கும் பொருள்களுள் ஆடையும் ஒன்று. இதற்கும் முன்பே, தங்கள் கரிம உமிழ்வைக் குறைப்பதாக அறிவித்துள்ள பெரிய பிராண்டுகள், அந்த உமிழ்வின் பெரும்பகுதி தங்கள் கடைகளில் இல்லை, துணி தயாராகும் இடங்களில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டு, ஏற்றுமதியாளர்களிடம் படிவங்களை நீட்டத் தொடங்கிவிட்டன. அந்தப் படிவத்தில் மின்சாரத்துக்கு ஒரு கட்டம், எரிபொருளுக்கு ஒரு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தை நிரப்புவது திருப்பூருக்கு எளிது.

அது எளிதானதற்குப் பின்னால் ஒரு வரிச் சலுகையின் வரலாறு இருக்கிறது. காற்றாலையில் முதலீடு செய்தால் அதன் மதிப்பில் 80 விழுக்காட்டை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. நல்ல லாபம் பார்த்த ஆண்டில் வரி கட்டுவதற்குப் பதிலாகக் காற்றாலை வாங்குவது கொங்கு வட்டாரத் தொழில்முனைவோருக்கு வழக்கமாகிப் போனது. சலுகை 2012-ல் நிறுத்தப்பட்டு, 2014-ல் திரும்பவும் தரப்பட்டு, 2017 ஏப்ரலிலிருந்து 40 விழுக்காடாகக் குறைந்தது. இடையில் 2008-க்குப் பிறகு வந்த கடும் மின்வெட்டு, சொந்த மின்சாரம் வைத்திருப்பதன் அருமையை டீசல் ஜெனரேட்டரின் புகையோடு சேர்த்துக் கற்பித்தது. ஆக, யாரும் புவி வெப்பமடைதலைப் பற்றி யோசித்துக் காற்றாலை நடவில்லை. அதனால் காற்றாலையின் பயன் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் ஒரு தொழில் வட்டாரம் எப்போது அசைகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

திருப்பூர் தனக்குத் தேவையான மின்சாரத்தைப் போலப் பல மடங்கு நிறுவுதிறனைக் காற்றாலையிலும் சூரிய ஒளியிலும் வைத்திருக்கிறது என்று தொழில் அமைப்புகள் சொல்வதுண்டு. இந்த வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1 மெகாவாட் காற்றாலை ஆண்டு முழுவதும் 1 மெகாவாட் தருவதில்லை. இந்தப் பகுதியில் அது தன் முழுத்திறனில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே சராசரியாக ஓடும். ஆண்டுக்குச் சுமார் 18 முதல் 22 லட்சம் யூனிட் வரை கிடைக்கலாம். அதிலும் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் வந்துவிடுகிறது. ஆர்டர் நெருக்கும் மற்ற மாதங்களுக்கு அந்த யூனிட்டுகளை மின்வாரியத்திடம் இருப்பு வைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டு வங்கி வசதி, 2018 மார்ச் வரை இயக்கத்துக்கு வந்த பழைய காற்றாலைகளுக்கு வாய்த்தது. பின்னால் வந்தவற்றுக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்றும் உண்டு. மின்வாரியத்துக்கு விற்ற யூனிட்டின் பசுமைத் தன்மை அதை வாங்கியவரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. விற்ற பசுவின் பாலை நம் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது அல்லவா? தணிக்கையாளர்கள் கேட்பது ஊரின் மொத்த நிறுவுதிறனை அல்ல, குறிப்பிட்ட தொழிற்சாலையின் மீட்டருக்கு வந்து சேர்ந்த யூனிட்டின் ரசீதை.

மின்சாரத்தில் மிச்சமுள்ள வேலை பழைய காற்றாலைகளை மாற்றுவதுதான். நல்ல காற்றடிக்கும் இடங்களையெல்லாம் 225, 250 கிலோவாட் அளவிலான பழைய, உயரம் குறைந்த இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய ஒற்றை 3 மெகாவாட் இயந்திரம் அவற்றில் 12-க்குச் சமமான திறன் கொண்டது. தமிழக அரசு 2024-ல் இதற்கென்று ஒரு கொள்கையையும் வெளியிட்டது. ஆனால் அந்த 12 காற்றாலைகளும் ஏழெட்டுப் பேருக்குச் சொந்தமாக இருக்கும். கடன் அடைந்து சும்மா மின்சாரம் தந்துகொண்டிருக்கும் இயந்திரத்தை, வங்கி வசதியையும் இழந்து, பங்காளிகளோடு கணக்குப் பேசிப் பிடுங்கி எறிய யார் முன்வருவார்?

இனி சூட்டுக்கு வருவோம். சாயப்பட்டறையில் துணியைச் சாயத் தண்ணீரில் சுழலவிடும் ஒரு சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது 100 கிலோ துணி பிடிக்கும். 1 கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில் ஒரு தடவைக்கு 600 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோரா துணியை, அதாவது நெய்தபடியே இருக்கும் பழுப்புத் துணியை, வெளுக்க 30 டிகிரியில் உள்ள தண்ணீரை 95 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு 39,000 கிலோகலோரி. சாயம் ஏற 60 டிகிரி போதும் என்றால் 18,000. ஒட்டாத சாயத்தை நீக்கும் சோப்புக் கழுவலுக்கு 90 டிகிரி என்றால் 36,000. இந்த மூன்று தண்ணீருக்கு மட்டுமே 93,000 கிலோகலோரி ஆகிறது. ஓரளவு காய்ந்த 1 கிலோ விறகில் 3,200 கிலோகலோரி இருந்து, பாய்லரும் குழாயும் சேர்ந்து அதில் 60 விழுக்காட்டைத் துணியிடம் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ துணிக்கு ஏறத்தாழ 50 கிலோ விறகு. இயந்திரத்தின் இரும்பு சூடாவது, காற்றில் போவது, நிறம் தப்பி மறுபடி சாயமேற்றுவது எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பிறகு உலர்த்த வேண்டும். துணியில் தங்கிய ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோகலோரியாவது வேண்டும். அதனால் உலர்த்தும் இயந்திரத்துக்குப் போகுமுன் துணியை எந்த அளவுக்குப் பிழிகிறோம் என்பதே ஒரு எரிபொருள் முடிவு. 100 கிலோ துணியில் 100 லிட்டருக்குப் பதில் 70 லிட்டர் மட்டும் தங்கும்படி பிழிந்துவிட்டால் 18,000 கிலோகலோரி மிச்சம்.

நான் பார்த்த ஒரு பாய்லர் அறையில் விறகு கையால்தான் போடப்பட்டது. கால்மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, தொடை தடிமனில் இருந்த கட்டைகளை உள்ளே தள்ளுவார் ஃபயர்மேன். கதவு திறந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் குளிர்காற்று உள்ளே பாய, புகைபோக்கியிலிருந்து கரும்புகை கிளம்பும். கதவு மூடிய சில நிமிடங்களில் புகை வெளுக்கும். வெளியே அடுக்கியிருந்த விறகு மழையில் நனைந்திருந்தது. நனைந்த விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தை உலர்த்தவே செலவாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கூரை போடுவது அவர் கையில் இல்லை. விறகைச் சில்லுகளாக வெட்டி, உலர்த்தி, சீராக ஊட்டும் கருவி வைத்தாலே கணிசமாகக் குறையக்கூடிய செலவு இது. ஊரில் எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. விறகுக்குக் கூரை என்ற தலைப்பில் ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விறகு கரிமம் இல்லாத எரிபொருள் என்பது கணக்கு விதிகளின் ஒரு வசதி. மரம் வளரும்போது உள்ளிழுத்ததைத்தான் எரியும்போது வெளிவிடுகிறது என்பதால், அந்தக் கரியமில வாயுவைத் தனிப் பத்தியில் எழுதி, மொத்தத்தில் சேர்க்காமல் விடலாம் என்கின்றன பன்னாட்டு நெறிமுறைகள். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும் சீமைக்கருவேலத்துக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். மறுநடவு இல்லாமல் வெட்டப்படும் மரத்துக்குப் பொருந்தாது. சாயப்பட்டறைக்கு வந்து சேரும் லாரியில் எது எங்கே வெட்டப்பட்டது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. மூலத்தைக் கேட்கும் காலம் வரும்போது, இன்று பூஜ்யமாக இருக்கும் அந்தக் கட்டம் திடீரென்று ஊரின் மிகப் பெரிய எண்ணாக மாறக்கூடும்.

அப்படியானால் பாய்லரை மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு சுவையாகிறது. 1 யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி. துணிக்கு 1 லட்சம் கிலோகலோரி வேண்டுமென்றால் நேரடியாகச் சூடேற்றும் மின் பாய்லருக்கு 116 யூனிட் தேவை. கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்றும் விறகு கிலோ 5 ரூபாய் என்றும் கொண்டால், மின்சாரத்துக்கு 930 ரூபாய், விறகுக்கு 260 ரூபாய். காசு மட்டுமல்ல, கரிமமும் இடிக்கிறது. இந்திய மின்தொகுப்பில் 1 யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது என்பதால், 116 யூனிட்டுக்கு 81 கிலோ. அதே சூட்டை நேரடியாக நிலக்கரியை எரித்துப் பெற்றால்கூட 70 கிலோவுக்குள்தான் வரும். அதாவது தொகுப்பு மின்சாரத்தில் ஓடும் மின் பாய்லர் நிலக்கரி பாய்லரைவிட மோசம்.

வெப்ப பம்ப் இந்தக் கணக்கை மாற்றுகிறது. குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுவதைப் போல, அது வீணாகும் வெதுவெதுப்பிலிருந்து சூட்டை இழுத்து உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளுகிறது. 1 யூனிட்டுக்கு 3 யூனிட் அளவுக்குச் சூடு கிடைத்தால், 1 லட்சம் கிலோகலோரிக்கு 39 யூனிட் போதும்; 310 ரூபாய். விறகின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சொந்தக் காற்றாலை யூனிட்டாக இருந்தால் இன்னும் நெருங்கும். 80, 90 டிகிரி வரைதான் இது நன்றாக உழைக்கும். துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டருக்குத் தேவையான 150 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கு ஆகாது. ஆனால் சாயப்பட்டறையின் சூட்டில் பெரும்பகுதி வெறும் வெந்நீர். வெந்நீருக்காக நீராவி தயாரிப்பது, ஊறுகாய் வாங்கக் கண்டெய்னர் லாரி எடுத்துப்போவதைப் போன்றது.

வெப்ப பம்ப் எங்கிருந்து அந்த வெதுவெதுப்பை எடுக்கும்? வாய்க்காலில் விடும் தண்ணீரிலிருந்துதான். 90 டிகிரியில் சோப்புக் கழுவல் முடிந்த 600 லிட்டரை அப்படியே திறந்து விடுகிறார்கள். பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது சூடாகவே போய்ச் சேர்ந்தால், கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளும் தாங்கா, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகளும் தாங்கா. ஆகவே அதை ஆறவைக்க வேண்டியிருக்கிறது. விறகு எரித்து ஏற்றிய சூட்டை மின்சாரம் செலவழித்து இறக்குகிறோம்! வெளியேறும் வெந்நீரையும் உள்ளே வரும் பச்சைத் தண்ணீரையும் தகடுகளுக்கு இருபுறமும் ஓடவிட்டுச் சூட்டைக் கைமாற்றும் எளிய கருவி பல காலமாகக் கிடைக்கிறது. வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பஞ்சும் சாயமும் அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்ய ஆள் வேண்டும், சூட்டுத்தண்ணீரைத் தனி வாய்க்காலில் பிரிக்க வேண்டும் என்பவை மற்றவர்கள் சொல்லும் காரணங்கள்; அவை பொய்யுமல்ல.

திருப்பூரின் கரிமக் கணக்கை மற்ற ஆடை நகரங்களிலிருந்து வேறுபடுத்துவது தண்ணீர். நொய்யலில் சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்பும் சாயமும் தேங்கும் குட்டையான கதை தமிழ்நாடு அறிந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் 1990-களில் தொடங்கிய சட்டப் போராட்டத்தில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதத்தை விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்தியவரே பொறுப்பு என்பதை உறுதிசெய்தது. அப்படியும் முழுமையாகச் சரியாகாததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை வந்தது இப்படித்தான். ஆர்.ஓ. மூலம் பெரும்பகுதி நீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்; மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள்.

ஆவியாக்குவது என்றால் மறுபடி நீராவி, மறுபடி விறகு. 100 கிலோ துணிக்கு எல்லாக் கழுவல்களும் சேர்த்து 5,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது, ஆர்.ஓ. 90 விழுக்காட்டை மீட்கிறது என்று கொள்வோம். மிஞ்சும் 500 லிட்டரைப் பல அடுக்கு ஆவியாக்கியில், 1 கிலோ நீராவிக்கு 3 கிலோ நீர் என்ற அளவில் காய்ச்சினால் ஏறத்தாழ 167 கிலோ நீராவி வேண்டும். 55 கிலோ விறகு. அதாவது துணிக்குச் சாயம் ஏற்ற எவ்வளவு விறகோ, அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யவும் ஏறத்தாழ அவ்வளவு விறகு. ஆற்றைக் காப்பாற்றிய விலை இது. கொடுக்கத்தக்க விலைதான், ஆனால் அதைக் குறைக்க வழி இருக்கிறது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புநீரைக் காய்ச்சுவதற்குப் பதில் நிறம் நீக்கிச் சாயப்பட்டறைக்கே திருப்பித் தந்து, அடுத்த சாயத்துக்குத் தேவையான உப்பாகப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். அடர்நிறச் சாயத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் ஓர் இயந்திரத்துக்கு 36 கிலோ. உப்பையும் வாங்க வேண்டியதில்லை, ஆவியாக்கவும் வேண்டியதில்லை. உப்பே தேவைப்படாத குளிர்முறைச் சாயமேற்றல், குறைந்த தண்ணீரில் ஓடும் இயந்திரங்கள், நீராவிக்குப் பதில் மின் அமுக்கியால் ஆவியையே மீண்டும் சூடேற்றும் ஆவியாக்கிகள் என்று அடுத்த படிகளும் உள்ளன. இவை எல்லாவற்றிலும் தண்ணீர், உப்பு, சூடு ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள். ஒன்றை இழுத்தால் மற்றவையும் வருகின்றன.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடக்கவில்லை என்பதற்கு விடை தொழிலின் அமைப்பில் இருக்கிறது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தித் தரும் காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர் என்று, கூலிக்கு ஒரு வேலையை மட்டும் செய்து தரும் ஜாப் ஒர்க்கால் ஓடும் ஊர் திருப்பூர். வெளிநாட்டு பையரின் படிவத்தை நிரப்புபவர் ஏற்றுமதியாளர். காற்றாலை வைத்திருப்பவரும் பெரும்பாலும் அவரே. பாய்லர் வைத்திருப்பவர் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சாயப்பட்டறைக்காரர். வெப்பத்தை மிச்சப்படுத்தும் கருவிக்கு அவர் கடன் வாங்கிப் போட்டால், அதன் நற்பெயர் ஏற்றுமதியாளருக்குப் போகும். கூலி உயராது. அடுத்த சீசனில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லும் பக்கத்துப் பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு இலக்குத் திட்டமும் இவரைத் தொடவில்லை. ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலைப் பயன்படுத்தும் பெரிய ஆலைகளுக்கே ஜவுளித் துறையில் அது பொருந்தியது. 2025-ல் தொடங்கிய சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான திட்டம் ஆற்றல் சிக்கனக் கருவிகளுக்கான கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 விழுக்காடும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் வட்டி மானியம் தருகிறது. உதவிதான், ஆனால் திருப்பிக் கட்டும் தெம்பைக் கூலிதான் தர வேண்டும்.

2011-ன் பாடத்தை இங்கே சரியாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீதிமன்றம் மிரட்டியதால் திருப்பூர் திருந்தியது என்று சுருக்கிச் சொல்வது பாதி உண்மை. எல்லாப் பட்டறைகளும் ஒரே நாளில் நின்றதால், சுத்திகரிப்புச் செலவை யாரும் தவிர்த்துப் போட்டியாளரைவிட மலிவாக விற்க முடியாமல் போனது. சாயக் கூலி ஊர் முழுக்க ஒருசேர உயர்ந்தது. தனித்தனியாகக் கட்ட முடியாததைப் பொது நிலையமாகச் சேர்ந்து கட்டினார்கள். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. நீரில் நடந்ததைச் சூட்டில் செய்ய முடியும். கழிவுநீரை ஒன்றுசேர்க்கும் குழாய் ஏற்கெனவே தெருவுக்கடியில் ஓடுகிறது. அதே நிலையத்தில், திறமையான ஒரு பெரிய பாய்லரும் வெப்ப பம்புகளும் அமைத்து, பக்கத்திலுள்ள பட்டறைகளுக்கு நீராவியையும் வெந்நீரையும் மீட்டர் வைத்து விற்கலாம். ஐம்பது புகைபோக்கிகளைக் கண்காணிப்பதைவிட ஒன்றைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எளிது. தூரம் அதிகமானால் நீராவி வழியிலேயே குளிர்ந்துவிடும் என்பதால் இது ஊர் முழுமைக்கும் ஆகாது. பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் பகுதிகளுக்குப் பொருந்தும்.

இதில் முன்பணம் போட வேண்டியவர் பையரும் ஏற்றுமதியாளரும் என்பது என் கருத்து. இலக்கை அறிவித்தவர்கள் அவர்கள்தான். காற்றாலையில் கிடைத்த வரிச்சலுகையைப் போலச் சாயப்பட்டறையின் பாய்லரில் போடும் பணத்துக்கும் ஏற்றுமதியாளருக்கு ஏதேனும் ஆதாயம் கிடைக்கும்படி செய்தால் கொங்கு வட்டாரத்தில் அது பரவுவதற்கு யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்காது. குறைந்தபட்சம் கிலோவுக்கான கூலிச்சீட்டில் சாயம், உப்பு, சுத்திகரிப்பு என்று இருப்பவற்றோடு சூட்டுக்கும் ஒரு வரி வர வேண்டும்.

அந்த வரியை எழுத ஒரு எண் வேண்டும். இன்று ஒரு சாயப்பட்டறையில் போய், நேற்று ஓடிய கருநீல லாட்டுக்கு எவ்வளவு நீராவி செலவானது என்று கேட்டால், மாதத்துக்கு எத்தனை லோடு விறகு வந்தது என்பதைத்தான் சொல்வார்கள். மின்சாரத்துக்கு மின்வாரியம் மீட்டர் வைத்திருக்கிறது. தண்ணீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் மீட்டர் வைத்திருக்கிறது. பாய்லரிலிருந்து இயந்திரங்களுக்குப் போகும் நீராவிக் குழாயில் பெரும்பாலான பட்டறைகளில் எதுவும் இல்லை.